செய்தியாளரைத் தாண்டி வரும் பதிவு

2022 பிப்ரவரி 25 இரவு. ரஷ்யப் படை கீவ் நகரை நெருங்கிக்கொண்டிருந்தது. உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கி ஊரை விட்டே ஓடிவிட்டார் என்று ஒரு வதந்தி. அவர் அதிபர் அலுவலகத்துக்கு வெளியே தெருவில் நின்று, கையில் பிடித்த போனிலேயே அரை நிமிட வீடியோ ஒன்றை எடுத்துப் போட்டார். பின்னால் பிரதமர், அலுவலகத் தலைவர், ஆலோசகர், கட்சியின் நாடாளுமன்றக் குழுத் தலைவர். இவர் இங்கே இருக்கிறார், இவரும் இங்கே இருக்கிறார் என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டு, கடைசியில் அதிபரும் இங்கேதான் என்றார். விளக்கு வைத்து எடுத்ததில்லை, மேடை இல்லை.

அந்த இரவில் மக்கள் மனதில் இருந்தது ஒரே கேள்வி: ஆள் எங்கே? அதற்கான பதிலும் ஆதாரமும் ஒரே காட்சிக்குள் இருந்தன. முகங்கள் தெரிகின்றன, இருட்டு தெரிகிறது, இடம் தெரிகிறது. எந்தத் தொலைக்காட்சி நிலையம் நடுவில் நின்றிருந்தாலும் இதைவிடச் சிறப்பாகச் செய்திருக்க முடியாது. அரசியல்வாதி ஊடகத்தைத் தாண்டி நேரடியாகப் பேசுவதே தவறு என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போகாததற்கு இந்த வீடியோ ஒரு காரணம்.

இன்னொரு பதிவைப் பாருங்கள். 2017 ஜூலை 26 காலையில் அமெரிக்க அதிபர் டிரம்ப் ட்விட்டரில் அடுத்தடுத்து மூன்று பதிவுகள் போட்டார். திருநர்களை ராணுவத்தில் எந்தப் பொறுப்பிலும் அரசு ஏற்காது என்பது சாரம். மறுநாள் முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவர் டன்ஃபோர்டு படைத் தலைமைகளுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார்: அதிபரின் உத்தரவு பாதுகாப்பு அமைச்சருக்கு முறைப்படி வந்து, அவர் வழிகாட்டுதல் வெளியிடும்வரை இப்போதைய விதியில் மாற்றம் எதுவும் இல்லை. முறையான ஆணை வந்தது ஆகஸ்ட் 25 அன்று. ஒரு மாத காலம், பதிவு ஒன்றைச் சொன்னது, விதி வேறொன்றைச் சொன்னது. அந்த நேரத்தில் சீருடையில் இருந்த திருநர் ஒருவருக்கு நாளை வேலை உண்டா இல்லையா என்று சொல்ல ஆளில்லை.

ஒரு செய்தியாளர் சந்திப்பில் இந்த அறிவிப்பு வந்திருந்தால் இரண்டு நிமிடத்துக்குள் கேட்டிருப்பார்கள்: எப்போதிலிருந்து? ஏற்கெனவே பணியில் இருப்பவர்கள் என்ன ஆவார்கள்? ஆணை எண் என்ன? பதில் தெரியாவிட்டால், தெரியாது என்பதே அன்றைய செய்தியாகியிருக்கும். பதிவில் அந்தக் கேள்விக்கு இடம் கிடையாது. பதிலிடும் பகுதியில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம்தான். ஆனால் பதில் சொல்லாமல் போனால் அது யார் கண்ணிலும் படுவதில்லை. ஒரு அறையில் நாற்பது பேர் முன்னால் கேள்வியைத் தவிர்ப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

நேரடியாகப் பேசுவது ஒன்றும் புதிதல்ல. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1933 மார்ச் 12 அன்று வானொலியில் வங்கி நெருக்கடியைப் பற்றி மக்களிடம் பேசினார். வங்கியில் போட்ட பணம் எங்கே போகிறது, ஏன் எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் கொடுக்க முடியாது என்று பாடம் நடத்துவது போல விளக்கினார். 1944 வரை ஏறக்குறைய முப்பது முறை இப்படிப் பேசினார். பத்திரிகை முதலாளிகளில் பலர் அவருக்கு எதிரிகள். அவர்களைத் தாண்டிப் போகத்தான் வானொலி. ஆனால் அதே ரூஸ்வெல்ட் தன் பன்னிரண்டு ஆண்டு ஆட்சியில் கிட்டத்தட்ட ஆயிரம் செய்தியாளர் சந்திப்புகளை நடத்தினார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வானொலியில் பேசியதும் உண்டு, மேசையைச் சுற்றி நின்ற செய்தியாளர்களுக்குப் பதில் சொன்னதும் உண்டு.

இன்றைக்கு மாறியிருப்பது இந்த இரண்டாவது பாதி. வெள்ளை மாளிகையில் 2019 மார்ச் 11-க்குப் பிறகு 2020 மே 1 வரை செய்திச் செயலாளரின் முறையான சந்திப்பு ஒன்றுகூட நடக்கவில்லை. இந்தியாவில் பிரதமர் மோடி 2014 அக்டோபர் முதல் வானொலியில் மாதந்தோறும் பேசுகிறார், எல்லாத் தளங்களிலும் தினமும் பதிவு வருகிறது. 2019 மே 17 அன்று கட்சி அலுவலகத்தில் செய்தியாளர்கள் முன் உட்கார்ந்தபோது கேள்விகளைக் கட்சித் தலைவரிடம் விட்டுவிட்டார். நேரடிப் பேச்சு கூடுவது பிரச்சினையல்ல. அது கேள்வி நேரத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வதுதான் பிரச்சினை.

நேரடி என்பது எவ்வளவு நேரடி

இடைத்தரகர் இல்லாமல் மக்களிடம் பேசுகிறேன் என்று தலைவர்கள் சொல்வார்கள். ஆனால் இடையில் ஒரு நிறுவனம் இருக்கிறது. செய்தி ஆசிரியருக்குப் பதிலாக, எந்தப் பதிவை யாருக்கு முன்னால் காட்டுவது என்று தீர்மானிக்கும் ஒரு தரவரிசை நிரல்.

எக்ஸ் தளம் (முன்பு ட்விட்டர்) 2023-ல் தன் பரிந்துரை நிரலின் ஒரு பகுதியை வெளியிட்டபோது, பதிவுகளை வரிசைப்படுத்தும் எடைகளையும் தந்தது. ஒரு லைக்குக்கு 0.5. ரீட்வீட்டுக்கு 1. யாராவது பதிலிட்டால் 13.5. அந்தப் பதிலுக்குப் பதிவிட்டவரே திரும்ப வினையாற்றினால் 75. அதாவது பதிலிடும் ஒருவர் லைக் போடும் இருபத்தேழு பேருக்குச் சமம். இந்த எண்கள் பிறகு மாறியிருக்கலாம், ஆனால் கணக்கின் போக்கு புரிகிறது. நிதானமான அறிவிப்புக்கு லைக் விழும். ஆத்திரமூட்டும் வரிக்கு ஆயிரம் பதில் விழும், அதில் பாதி திட்டு. நிரலைப் பொறுத்தவரை திட்டுவதும் ஒரு பதில்தான். தலைவர்களின் பதிவுகள் ஏன் சீண்டும் தொனிக்கு நகர்கின்றன என்பதற்கு அவர்களின் குணம் மட்டும் காரணமல்ல. சமூக ஊடகக் குழு வாரா வாரம் எண்களைப் பார்க்கிறது, எது ஓடியதோ அதையே திரும்ப எழுதுகிறது.

அந்த நிறுவனம் கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். 2021 ஜனவரி 8 அன்று ட்விட்டர் டிரம்பின் கணக்கை முடக்கியபோது அவருக்கு 8 கோடியே 80 லட்சத்துக்கு மேல் ஃபாலோயர்கள். மே மாதம் அவர் சொந்தமாக ஒரு வலைப்பக்கம் தொடங்கினார். ஒரு மாதம் ஆவதற்குள் மூடப்பட்டது. பேசியது அதே ஆள், கூட்டம் தளத்துடையது. பிரேசிலில் அதிபராக இருந்தபோது போல்சனாரோ வியாழன்தோறும் லைவில் பேசுவார். 2021 அக்டோபர் லைவ் ஒன்றில் கோவிட் தடுப்பூசியை எய்ட்ஸோடு முடிச்சுப் போட்டார். லைவ் என்பதால் அந்த நேரத்தில் இடைமறித்துக் கேட்க ஆளில்லை. பிறகு ஃபேஸ்புக்கும் யூடியூபும் வீடியோவை நீக்கின, யூடியூப் ஒரு வாரம் தடையும் போட்டது. பொய்யைத் திருத்தும் வேலை செய்தியாளரிடமிருந்து ஒரு தனியார் நிறுவனத்தின் விதிப் புத்தகத்துக்குப் போய்விட்டது. ஒரு நாட்டின் தலைவர் பேசலாமா கூடாதா என்பதை அந்த நிறுவனம் தீர்மானிப்பது எனக்கு உவப்பானதல்ல.

ஒரு பதிவு தயாராகும் விதம்

பெரிய தலைவரின் பதிவு அவர் விரலிலிருந்து வருவது அபூர்வம். காலையில் ஒரு சிறு குழு அன்றைய பொருளை முடிவு செய்யும். ஒருவர் வரைவு எழுதுவார், துறை சார்ந்தவர் எண்களைப் பார்ப்பார், தேர்தல் காலமென்றால் வழக்கறிஞரும் பார்ப்பார். பிறகு வடிவமைப்பு: நிழற்பட அட்டை 1080-க்கு 1350 பிக்சல், நின்ற வாக்கில் வீடியோ 1080-க்கு 1920 பிக்சல். ரீல்ஸில் கீழே பெயரும் பக்கத்தில் பொத்தான்களும் வந்து மறைக்கும் என்பதால் எழுத்தைக் கீழ்ப்பகுதியில் வைக்கக் கூடாது. ஒலியில்லாமல் பார்ப்பவர்கள் நிறைய, ஆகவே பேச்சை எழுத்தாக வீடியோவிலேயே பதிப்பார்கள். முதல் மூன்று விநாடிக்குள் முகமும் பொருளும் வந்துவிட வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் வெட்டு. ஒரே பேச்சு மூன்று நீளங்களில் வெளியாகும்: யூடியூபுக்கு முழுசாக, முகநூலுக்கு ஒன்றரை நிமிடம், ரீல்ஸுக்கு இருபது விநாடி. முழுப் பேச்சில் தலைவர், "மத்திய நிதி வந்தால் அடுத்த ஆண்டு வேலையைத் தொடங்குவோம்" என்று சொல்லியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இருபது விநாடிக்குள் அடக்கும்போது முதலில் விழுவது 'நிதி வந்தால்' என்ற பகுதி. "அடுத்த ஆண்டு வேலையைத் தொடங்குவோம்" என்பது மட்டும் கோடிக் கணக்கில் ஓடும். வெட்டியவர் பொய் சொல்ல நினைத்திருக்க வேண்டியதில்லை, நேரத்தைக் குறைத்திருப்பார், அவ்வளவுதான். பின்னால் வேலை தொடங்கவில்லையே என்று கேட்டால் யூடியூபில் முழுப் பேச்சு இருக்கிறது, பாருங்கள் என்பார்கள். தொழில்ரீதியாகப் பார்க்கும் யாரும் துண்டு வீடியோவை மட்டும் வைத்து எழுதக் கூடாது. முழு நீளத்தைத் தேடி, அந்த வாக்கியத்துக்கு முன்னும் பின்னும் ஒரு நிமிடமாவது கேட்க வேண்டும்.

வாட்ஸ்அப் தனி உலகம். 2020 ஏப்ரல் முதல், பலமுறை ஃபார்வர்டு ஆன செய்தியை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும். இரட்டை அம்புக்குறியும் வரும். தலைவர்களின் சமூக ஊடகக் குழுக்கள் இதைத் தாண்ட ஒரு எளிய வழி வைத்திருக்கின்றன: ஃபார்வர்டு செய்யாமல், கோப்பைப் போனில் இறக்கி ஒவ்வொரு குரூப்பிலும் புதிதாக ஏற்றுவார்கள். அம்புக்குறியே இருக்காது. ஆகவே குறி இல்லாததால் இது அனுப்பியவரே எடுத்த படம் என்று நினைத்துவிடாதீர்கள். படமாக அனுப்பினால் எடுத்த தேதி, கேமரா விவரமெல்லாம் அழிந்துவிடும். யாராவது உங்களிடம் ஆதாரப் படம் தருவதாகச் சொன்னால் 'டாக்குமெண்ட்'டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்போது உள் விவரங்கள் மிஞ்சும்.

கோளாறு எங்கே வருகிறது

மிகச் சாதாரணமான விபத்து, தவறான கணக்கிலிருந்து பதிவு போவது. குழுவில் ஒருவர் தன் சொந்தக் கணக்கும் தலைவர் கணக்கும் ஒரே போனில் வைத்திருப்பார். மருந்து எளிது: தலைவர் கணக்குக்குத் தனிப் போன். அடுத்தது, முன்கூட்டியே நேரம் குறித்து வைத்த வாழ்த்துப் பதிவு, பெரிய விபத்து நடந்த நேரத்தில் வெளியாவது. துயரச் செய்தி வந்தவுடன் முதல் வேலை வரிசையில் நிற்கும் பதிவுகள் அனைத்தையும் நிறுத்துவது என்று எழுதி வைத்திருக்க வேண்டும். மூன்றாவது, தொண்டர்களுக்கு அனுப்பிய மாதிரி வாசகம் "இதை அப்படியே பதிவிடவும்" என்ற குறிப்போடு நூற்றுக்கணக்கான கணக்குகளில் ஏறிவிடுவது. தன்னெழுச்சி என்று சொல்லப்பட்டது எங்கிருந்து வந்தது என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஒரு ஹேஷ்டேக்கைப் பற்றி எழுதும் முன் பதிவுகளின் ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடிப் பாருங்கள். ஒரே எழுத்துப் பிழையோடு வரிசையாக வந்தால் கதை புரியும்.

கணக்குப் பாதுகாப்பு இவற்றைவிடப் பெரிய விஷயம். 2013 ஏப்ரல் 23 அன்று ஏ.பி. செய்தி நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கைக் கைப்பற்றியவர்கள் வெள்ளை மாளிகையில் குண்டு வெடித்ததாக எழுத, அமெரிக்கப் பங்குச் சந்தை சில நிமிடங்கள் சரிந்து எழுந்தது. 2024 ஜனவரி 9 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் எக்ஸ் கணக்கில் பிட்காயின் பற்றிப் பொய் அறிவிப்பு வந்தது. சிம் மாற்று மோசடியில் அந்தக் கணக்கோடு இணைந்த போன் எண்ணைத் திருடியிருந்தார்கள். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு அரசு ஆணையத்துக்கே இந்த நிலை. எஸ்.எம்.எஸ். வழி எண்ணை நம்பாதீர்கள்; செயலி வழிக் குறியீடு அல்லது வன்பொருள் சாவி (உள்ளே நுழையச் செருகும் சிறு கருவி) வையுங்கள், மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி இரண்டு பேரிடம் பிரித்துக் கொடுங்கள், வேலையை விட்டுப் போகிறவரின் அணுகலை அன்றைக்கே நீக்குங்கள். அறிவிப்பு எல்லாம் பதிவாக மட்டுமே வரும் பழக்கம் இருந்தால், கைப்பற்றப்பட்ட கணக்கிலிருந்து வரும் பொய்யும் அதே எடையோடு வரும்.

பிளாக் செய்வது சட்டச் சிக்கலும் ஆகலாம். அமெரிக்காவில் போர்ட் ஹியூரன் நகர மேலாளர் தன் முகநூல் பக்கத்தில் ஒரு குடிமகனை பிளாக் செய்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் மாதம் இரண்டு அளவுகோல் சொன்னது: அந்த அலுவலருக்கு அரசின் சார்பில் பேசும் உண்மையான அதிகாரம் இருக்க வேண்டும், அந்தப் பதிவில் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துவதாகக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். குழந்தையின் பிறந்தநாள் படமும் குடிநீர் அறிவிப்பும் ஒரே பக்கத்தில் இருந்தால் எது சொந்தம், எது அரசு என்று பதிவு பதிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டிவரும். பதவிக்கு ஒரு கணக்கு, தனக்கு ஒரு கணக்கு என்று முதல் நாளே பிரித்துக்கொள்வதுதான் வழி.

பதிவைச் செய்தியாக்கும் முன்

செய்தியாளர் கையில் வருவது பெரும்பாலும் ஸ்கிரீன்ஷாட். அது துப்பு மட்டும்தான். பிரவுசரில் எழுத்தை மாற்றிப் படமெடுக்க ஒரு நிமிடம் போதும். மூலப் பதிவின் இணைப்பைத் தேடுங்கள். கிடைத்ததும் இணையப் பக்கங்களின் பிரதியைக் காக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமியுங்கள், யு.டி.சி. (உலகப் பொது) நேரத்தோடு குறித்து வையுங்கள். அரசியல்வாதிகள் அழித்த பதிவுகளைத் தானாகச் சேகரித்து வந்த பொலிட்வூப்ஸ் போன்ற திட்டங்களுக்கு ட்விட்டரின் தரவு வழி அடைபட்டுவிட்டது. இனி இதை அவரவர்தான் செய்ய வேண்டும்.

பதிவு அழிந்துவிட்டாலும் எக்ஸ் இணைப்பின் கடைசியில் உள்ள நீண்ட எண் பேசும். அந்த எண்ணை 4194304 ஆல் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டு, 1288834974657 ஐக் கூட்டுங்கள். வருவது 1970 ஜனவரி 1 முதல் கடந்த மில்லி விநாடிகள்; பதிவு பிறந்த நேரம் துல்லியமாகக் கிடைக்கும். 2010 நவம்பருக்குப் பிறகான பதிவுகளுக்கு இது பொருந்தும். ஸ்கிரீன்ஷாட்டில் காட்டும் நேரமும் இணைப்பில் கிடைக்கும் நேரமும் ஒத்துப்போகவில்லையென்றால் (உள்ளூர் நேர வித்தியாசத்தைக் கழித்த பிறகு) அங்கே ஏதோ சரியில்லை. சாதாரணக் கால்குலேட்டர் கடைசி இலக்கங்களை விழுங்கிவிடும். அதனால் நேரத்தில் பெரிய பிழை வராது, ஆனால் விரிதாளில் ஒட்டும்போது எண்ணை எழுத்தாகச் சேமியுங்கள், இல்லாவிட்டால் மூல எண்ணே கெட்டுவிடும்.

நீல டிக்கை அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2023 ஏப்ரல் முதல் அது சந்தா. அரசுக் கணக்குகளுக்கு எக்ஸில் சாம்பல் டிக். அதைவிட நம்பகமானது, அந்த அலுவலகத்தின் இணையதளத்திலிருந்தே கணக்குக்கு இணைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது.

வீடியோவுக்கு: நான்கைந்து தெளிவான காட்சிகளை நிறுத்திப் படமெடுத்து கூகுள் லென்ஸிலும் யாண்டெக்ஸிலும் தேடுங்கள். 2022 மார்ச் 16 அன்று ஜெலன்ஸ்கி சரணடையச் சொல்வது போன்ற டீப்ஃபேக் (கணினியில் உருவாக்கிய போலி வீடியோ) ஒன்று ஒரு உக்ரைன் தொலைக்காட்சியின் தளத்தை ஊடுருவி ஏற்றப்பட்டது. தலையும் உடலும் பொருந்தாமல், குரலும் வேறாக இருந்ததால் சீக்கிரம் மாட்டிக்கொண்டது. அவரே உடனடியாக வீடியோவில் வந்து மறுத்தார். மூன்று வாரமாக அவர் எடுத்துப் போட்ட வீடியோக்களில் அவர் குரலை மக்கள் தினமும் கேட்டிருந்தார்கள், அதுவும் உதவியது. இன்றைய போலிகள் அவ்வளவு கரடுமுரடாக இருப்பதில்லை, கண்ணை மட்டும் நம்பி முடிவு சொல்ல முடியாது.

விளம்பரத்துக்கு மெட்டாவின் விளம்பர நூலகம் இருக்கிறது. நாட்டைத் தேர்ந்தெடுத்து, தேர்தல் மற்றும் அரசியல் பிரிவில் அந்தப் பக்கத்தின் பெயரைப் போட்டால் யார் பணம் கட்டியது, செலவு எந்த வரம்புக்குள், எந்த வயதினருக்கு, எந்தப் பகுதியில் காட்டப்பட்டது என்று வரும். ஏழு ஆண்டுகள் வைத்திருப்பார்கள். ஒரே வாரத்தில் ஒரே தலைவர் இரண்டு பகுதிகளுக்கு இரண்டு வேறு வாக்குறுதி தந்திருக்கிறாரா என்று அருகருகே வைத்துப் பாருங்கள்; நல்ல செய்திகள் அங்கே கிடக்கின்றன. பணம் வாங்கிக்கொண்டு பேசும் இன்ஃப்ளூயன்சர்கள் பலரும் வாட்ஸ்அப் சேனல்களும் இந்த நூலகத்தில் தெரியமாட்டார்கள்.

பதிவில் உத்தரவு இருந்தால் ஆணையைத் தேடுங்கள். அரசிதழில் இருக்கிறதா, துறைத் தளத்தில் எண்ணும் தேதியும் கையெழுத்தும் கொண்ட தாள் இருக்கிறதா? இல்லையென்றால் தலைப்பில் 'அறிவித்தார்' என்று எழுதலாம், 'உத்தரவு' என்று எழுத முடியாது. எல் சால்வடார் அதிபர் புகேலே 2019 ஜூனில் பதவியேற்றதும் அதிகாரிகளைப் பணிநீக்கும் உத்தரவுகளை ட்விட்டரிலேயே வரிசையாகப் போட்டார். அப்படிப்பட்ட இடங்களில் ஒவ்வொரு பதிவுக்கும் பின்னால் தாள் வந்ததா என்ற பட்டியல் வைத்திருப்பதே ஒரு நிருபருக்கு மாதக் கணக்கில் வேலை.

தலைப்பு வைக்கும்போது பெரும்பாலான செய்தியறைகள் சறுக்குவது இங்கேதான். பதிவில் இருப்பது தவறான தகவல் என்று தெரிந்தும், "தலைவர் குற்றச்சாட்டு" என்று மேற்கோளை அப்படியே தலைப்பில் வைத்து, மறுப்பை ஆறாவது பத்தியில் வைக்கிறார்கள். ஆறாவது பத்தி வரை வருபவர் எத்தனை பேர்? உண்மையை முதலில் வையுங்கள், அதன் பின் அவர் சொன்னதை, மறுபடியும் ஆதாரத்தை. மூலப் பதிவை அப்படியே செய்திக்குள் பதிக்கவும் (எம்பெட்) வேண்டாம். அப்படிப் பதிப்பது அந்தப் பதிவுக்குப் பார்வையைக் கூட்டலாம், அவர் நாளை அதை அழித்தால் உங்கள் செய்தியில் அது முழுசாகத் தெரியாமல் போகலாம். தேவையான வரியை எழுத்தாகத் தாருங்கள், சேமித்த பிரதிக்கு இணைப்புக் கொடுங்கள்.

கேள்வியை விட்டுவிடக் கூடாது. அறையில் கேட்க வாய்ப்பில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள். மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றும் ஆம், இல்லை, தேதி, தொகை என்று ஒற்றைப் பதில் வரும்படி இருக்கட்டும். தலைவரின் அலுவலக மின்னஞ்சலுக்கும் சம்பந்தப்பட்ட துறைச் செயலாளருக்கும் சேர்த்து அனுப்பி, பதில் தேவைப்படும் நேரத்தைக் குறிப்பிடுங்கள். செய்தியின் அடியில் அந்த மூன்று கேள்விகளையும் முழுமையாக அச்சிட்டு, எந்த நாள் எத்தனை மணிக்கு அனுப்பப்பட்டது, இதுவரை பதில் வந்ததா என்று ஒரு வரி எழுதுங்கள். பதில் வந்தால் அதே இடத்தில், வந்த தேதியோடு சேர்த்துவிடுங்கள்.